விண்டோஸ் திறக்கவில்லையா? ரெஜிஸ்ட்ரியை வெளியிலிருந்தே திருத்தலாம்

புதிய டிரைவர் போட்டபின் விண்டோஸ் 10, 11 கணினி திறக்காமல் நின்றால், உடனே ஃபார்மட் செய்துவிடாதீர்கள்; ரெஜிஸ்ட்ரியில் அந்த டிரைவரை முடக்கிப் பார்க்கலாம்.

● மீட்புத் திரையில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் வழியே கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறக்கவும். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் 48 இலக்க மீட்பு எண் தேவை.

● இங்கே டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கலாம். எக்ஸ் டிரைவ் மீட்புச் சூழலுடையது; அதைத் தொடாமல், உங்கள் விண்டோஸ் எதில் உள்ளது என்று பாருங்கள்.

● அதன் சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் உள்ள கான்ஃபிக் ஃபோல்டரை முதலில் பென் டிரைவில் நகலெடுங்கள். இதை மட்டும் தவிர்க்கவே கூடாது.

● ரெஜெடிட் என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, ஹெச்கீ லோக்கல் மெஷினைத் தேர்வு செய்யுங்கள். ஃபைல் மெனுவில் லோடு ஹைவ் கொடுத்து, கான்ஃபிக்கில் உள்ள சிஸ்டம் ஃபைலைத் திறந்து, தற்காலிகப் பெயரிடுங்கள்.

● அந்தத் தற்காலிகப் பெயரின் கீழ் உள்ள செலக்ட் பகுதியில் கரன்ட் மதிப்பு 1 என்றால், கன்ட்ரோல்செட்001-ஐத் திறக்கவும். சர்வீசஸில் சிக்கலான டிரைவரின் ஸ்டார்ட் மதிப்பைக் குறித்துவைத்து, 4 ஆக்கினால் அது முடங்கும். டிஸ்க் தொடர்பான டிரைவர்களில் கைவைக்காதீர்கள்.

● தற்காலிகப் பெயரைத் தேர்ந்து அன்லோடு ஹைவ் கொடுத்த பிறகே கணினியை மறுபடி இயக்குங்கள்.