வேடந்தாங்கல் விரிந்தால் வேலை வருமா?

கேள்வி: வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்தை விரிவாக்கினால் எங்கள் பக்கத்து இளைஞர்களுக்கு வேலை கிடைக்குமா?
– வாசகர், காஞ்சிபுரம்

பதில்: எல்லையை நீட்டினால் மட்டும் கிடைக்காது. 1998 முதலே ஏரியைச் சுற்றி 5 கி.மீ. வரை சரணாலயம்தான். 2020-இல் அதை 3 கி.மீ. ஆகச் சுருக்கும் யோசனை வந்து, எதிர்ப்பு கிளம்பியது. எனவே, இருப்பதைக் காப்பதே முதல் வேலை. பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம். அதனால்தான் பறவைகள் மிரளக்கூடாதென்று ஊரார் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. அந்தக் கட்டுப்பாட்டுக்குப் பலன் அவர்களுக்கே முதலில் சேரவேண்டும். சீசனோ நவம்பர் முதல் மார்ச் வரைதான். அந்த மாதங்களைப் பயன்படுத்திக்கொள்ள உள்ளூர் இளைஞர்களுக்கு வழிகாட்டிப் பயிற்சி கொடுக்கவேண்டும். காஞ்சிக்குக் கோயிலும் பட்டும் பார்க்க வருபவர்களை வேடந்தாங்கலுக்கும் பக்கத்திலுள்ள கரிக்கிலி பறவைகள் சரணாலயத்துக்கும் அழைத்துப்போகவேண்டும். பறவை வந்தால்தான் பயணி வருவார். பயணி வந்தால்தான் சம்பளம்.