முருங்கை இலையும் நீரிழிவு நோயாளியின் கல்லீரலும்

கொல்லையில் நின்ற முருங்கை இன்று தூளாகவும் மாத்திரையாகவும் கடைக்கு வந்துவிட்டது. இலைக்காகவே முருங்கை பயிரிடும் விவசாயிகளும் உள்ளனர். "சர்க்கரை நோயைப் போக்கும், கல்லீரலைக் காக்கும்" என்று சொல்லி விற்கிறார்கள். இதில் உண்மை எவ்வளவு என்பதை இலையை விளைவிப்பவரும் உண்பவரும் அறிந்திருத்தல் நலம்.

நீரிழிவு என்றதும் கண், சிறுநீரகம், கால் ஆகியவையே நினைவுக்கு வரும். கல்லீரலை எவரும் நினைப்பதில்லை. உணவிலிருந்து வரும் சர்க்கரையைச் சேர்த்து வைத்து, வேண்டும்போது கொடுக்கும் குதிர் அது. இன்சுலினுக்கு உடல் சரிவர இணங்காதபோது மிகுதியான சர்க்கரை கொழுப்பாக மாறிக் கல்லீரலில் படிகிறது. மதுவைத் தொடாதவருக்கும் இது வரும். பல ஆண்டுகள் வலியோ காமாலையோ தோன்றாது. சிலருக்கு அழற்சி ஏற்பட்டுக் கல்லீரல் தழும்பேறிச் சுருங்கிவிடும்.

இனி இலைக்கு வருவோம். வெயிலின் புறஊதாக் கதிர்களிலிருந்து தம்மைக் காத்துக்கொள்ளச் செடிகள் பிளேவனாய்டு என்னும் பொருள்களை உண்டாக்குகின்றன. முருங்கை இலையில் குவர்செடின், கெம்பெரால் என்ற இரண்டும் உள்ளன. வெங்காயத்திலும் குவர்செடின் உண்டு. ஊசி மருந்தால் நீரிழிவு உண்டாக்கிய எலிகளுக்கு முருங்கை இலையின் வடிசாற்றைக் கொடுத்தபோது, கல்லீரல் நொதிகள் இரத்தத்தில் கசிவது குறைந்ததாக ஆய்வுகள் கூறுகின்றன.

இதை வைத்து மாத்திரையை நிறுத்திவிடலாமா? கூடாது. எலிக்குப் போடும் ஊசி, இன்சுலின் சுரக்கும் அணுக்களையே அழிப்பது. நம்மில் பெரும்பாலோருக்கு வரும் நீரிழிவு அவ்வகையன்று. அளவையும் பாருங்கள். எலியின் எடையில் கிலோவுக்கு 200 மில்லிகிராம் கொடுத்தால், அதே கணக்கில் 60 கிலோ மனிதருக்கு 12 கிராம் ஆகிறது. எலியின் உடல் மருந்தை விரைவில் கழித்துவிடுவதால், மனிதருக்கு அதில் சுமார் ஆறில் ஒரு பங்கு, அதாவது 2 கிராம் என்று கணக்கிடுவர். அதுவும் இலைத்தூள் அன்று. இலையை ஊறவைத்து, வடித்து, வற்றவைத்த சத்து. ஒரு கரண்டித் தூள் அதற்கு ஈடாகாது.

அடர்ந்த சத்து கல்லீரலுக்கே கேடு செய்வதும் உண்டு. பச்சைத் தேயிலையிலும் பிளேவனாய்டுகள்தாம் உள்ளன. ஆனால் அதன் முக்கியப் பொருளை நாளொன்றுக்கு 800 மில்லிகிராமோ மேலோ மாத்திரையாக உட்கொண்டால் கல்லீரல் பாதிக்கப்படக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் எச்சரித்தது. தேநீராகக் குடிப்பதில் பொதுவாக அச்சமில்லை.

ஆகவே முருங்கையைக் கீரையாகவே உண்ணுங்கள். மருந்து தெளித்திருந்தால் உரிய காத்திருப்பு நாட்கள் கழிந்த பின்னரே இலை பறிக்கவேண்டும். வெந்த நீரில் சத்து இறங்கிவிடும். அதைக் கொட்டாமல் சாறாகக் குடிக்கலாம். உலர்த்துவதானால் நிழலில் உலர்த்தவேண்டும். வடிசாறோ தூளோ தொடர்ந்து உட்கொள்பவர் மருத்துவரிடம் அதைத் தெரிவிக்கவேண்டும். மாத்திரையுடன் சேர்ந்து சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடலாம்.

கல்லீரல் கொழுப்பைக் கரைக்க உறுதியான வழி, கூடுதல் எடையைக் குறைப்பதே. பருத்த உடலுடைய 80 கிலோ மனிதர் 4 கிலோ குறைத்தாலே கொழுப்பு இறங்கத் தொடங்கும். 6 முதல் 8 கிலோ குறைத்தால் அழற்சியும் தணியும். நீரிழிவு உள்ளவர்கள் கல்லீரலுக்கான இரத்தப் பரிசோதனையையும் மருத்துவரிடம் கேட்டுச் செய்துகொள்ளவேண்டும்.

இலைத்தூள் விற்கும் விவசாயிகளுக்கு ஒரு சொல். பொட்டலத்தில் "நீரிழிவைக் குணமாக்கும்" என்று அச்சிடாதீர்கள். அத்தகைய விளம்பரத்தை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை செய்கிறது. பறித்த நாளையும் உலர்த்திய முறையையும் அச்சிடலாம்.