பலாஹாரமும் பலகாரமும்

ஏகாதசியன்று காசியில் தென்னாட்டு யாத்திரிகர் ஒருவர் கோதுமை உப்புமா கேட்டால், அங்குள்ளோர் திகைப்பர். விரத நாளில் கோதுமையா? தெற்கிலோ அரிசிச் சோற்றை விடுத்துக் கோதுமையோ ரவையோ உண்பதையே பலர் விரதமாகக் கொள்கின்றனர். சனிக்கிழமை இரவில் இட்லியும் அவ்வாறே.

இரண்டும் ஒரே சொல்லிலிருந்து கிளைத்தவை. ‘பலாஹாரம்’ என்றால் கனியுணவு. வடக்கில் அது தானியம் கலவாத உணவையே குறிக்கிறது: குளத்தில் விளையும் சிங்காடாவின் மாவு, புல்லினத்தைச் சேராத குட்டு விதையின் மாவு, இந்துப்பு முதலியன. (ஆயினும், ‘சமா அரிசி’ என்று அவர்கள் ஏற்பது நம் குதிரைவாலியின் இனமே, அதுவும் தானியந்தான்!) தமிழில் அச்சொல் பலகாரமாகி, சோறல்லாத சிற்றுண்டி எதையும் குறிக்கலாயிற்று. நவராத்திரியில் வேறுபாடு மேலும் துலங்கும். அங்கு விரதமிருப்போர் பொதுவாகப் பருப்பு வகைகளை விலக்குவர். இங்கு கொண்டைக்கடலைச் சுண்டலே தேவிக்கு நைவேத்தியம்.

இவற்றுள் எது விரதம்? ரொட்டியே அன்றாட உணவாயிருப்பவர் கோதுமையைத் துறக்கிறார். சோறே அன்றாட உணவாயிருப்பவர் சோற்றைத் துறக்கிறார். மிகுதியாக உண்பவனுக்கும் அறவே உண்ணாதவனுக்கும் யோகம் கைகூடாது என்று கூறும் கீதையின் 6-ஆம் அத்தியாயம், அவ்விடத்தில் எந்தத் தானியத்தின் பெயரையும் சொல்லவில்லை. நெய்யில் பொரித்த குட்டுப் பூரியை வயிறு புடைக்க உண்பவரும், எட்டு இட்லிகளை முடித்தெழும் நம்மவரும் அங்கே ஒரே வரிசையில்தான் நிற்கவேண்டியுள்ளது.