கட்டி, கழலை, புற்று: சொற்களின் பொருள் அறிவோம்

படுவான்கரைக் கிராமங்களில் சுகாதார வகுப்பு நடத்தும்போது நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்றுண்டு: “கட்டி ஒண்டு இருக்குத்தான், ஆனா நோகுதில்ல.” நோகாதபடியால் அது நோயல்ல என்பது அந்த அம்மாவின் எண்ணம். இதற்கு எமது மொழியும் ஒரு காரணம். ‘நோ’ என்ற வினையடியிலிருந்தே ‘நோய்’ பிறந்தது. ஆனால் மார்பிலும் வாயிலும் வரும் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் நோவதில்லை. நொந்து சிவந்து சீழ் பிடிக்கும் கொப்புளமோ சில நாட்களில் உடைந்து ஆறிவிடும்.

‘கட்டி’ என்றால் இறுகித் திரண்டது. சீனிக்கட்டியும் கட்டிதான், மண்ணாங்கட்டியும் கட்டிதான். ஆகவே வைத்தியரிடம் “கட்டி” என்று மட்டும் சொன்னால் அவருக்கு ஒன்றும் விளங்காது. எங்கே, எத்தனை மாதமாக, வளர்கிறதா, தொட்டால் நகர்கிறதா என்பதையும் சொல்லவேண்டும். கழலுதல் என்பது நழுவுதல். தோலின் கீழ் விரலுக்கு நழுவும் கொழுப்புக் கட்டிக்குக் ‘கழலை’ என்ற பெயர் நன்றாகவே பொருந்துகிறது. கழுத்தின் முன்னால் வரும் கழலை வேறு. அதற்கு அயடீன் குறைவு ஒரு காரணம். 1995இல் எமது நாட்டில் உப்புக்கு அயடீன் சேர்ப்பது கட்டாயமாக்கப்பட்டது. ‘பிளவை’ பிளந்து பல வாய் வைப்பது. நீரிழிவுக்காரர் முதுகில் இதைக் கண்டால் வீட்டில் பற்றுப் போட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

ஆங்கிலத்தில் ‘டியூமர்’ என்பது வீக்கம் எனப் பொருள்படும் இலத்தீன் சொல். அது புற்றாகவும் இருக்கலாம், தீங்கற்றதாகவும் இருக்கலாம். கிளினிக் துண்டில் அந்தச் சொல்லைக் கண்டதும் அழத் தேவையில்லை. ‘கான்சர்’ என்றால் நண்டு. கட்டியைச் சுற்றிப் புடைத்த நாளங்கள் பழைய கிரேக்க வைத்தியர்களுக்கு நண்டின் கால்களாகத் தோன்றின. (ஆங்கிலப் பத்திரிகையில் கடக ராசிக்கும் இதே சொல்தான்.) வாவியில் நண்டு பிடிக்கும் எமக்கு இது உடனே விளங்கும். தமிழர் கண்டது கறையான் புற்றை: மேலே சிறு மேடு, உள்ளே எங்கும் வழி.

1847இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். மேலைநாட்டு மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். அப்படியொரு முயற்சி நடந்த மண்ணில் இன்னும் ‘பயொப்சி’ என்ற சொல் பலரை வைத்தியசாலையிலிருந்து விரட்டுகிறது. கத்தி பட்டால் பரவும் என்பது அவர்கள் பயம். உயிர், பார்வை என்ற இரு கிரேக்கச் சொற்கள் சேர்ந்ததே அது. சிறு துண்டு எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். அதைப் பார்க்காமல் எந்தக் கட்டி எது என்று உறுதியாகச் சொல்வது கடினம்.

வெற்றிலை வட்டாவைப் பற்றியும் சொல்லவேண்டும். புகையிலையை விட்டுவிட்டோம், பாக்கு மட்டும்தான் என்பவர்கள் கவனிக்க: பாக்கே புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளைப் படையோ இரண்டு கிழமையில் ஆறாத புண்ணோ இருந்தால், நோகாவிட்டாலும் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். பெண்கள் 35 வயதிலும் 45 வயதிலும் சுகவனிதையர் கிளினிக்கில் இலவசமாகச் சோதித்துக்கொள்ளலாம். நாளை உங்கள் குடும்ப நல மாதுவிடம் கேளுங்கள்.