கெப்பாசிட்டரைக் கழற்றும் முன் பூஜ்ஜியத்தைத் தேடுங்கள்

பழைய எம்பி3 பிளேயர், பாக்கெட் ரேடியோ என்று எது கிடைத்தாலும் பிரித்துப் பார்ப்பது என் பொழுதுபோக்கு. இதில் புதிதாக இறங்கும் பையன்கள் தவறாமல் கேட்பது ஒன்றுண்டு: "அண்ணா, ஹெட்ஃபோன் ஜாக்குக்கு முன்னாடி இந்த ரெண்டு கெப்பாசிட்டர் எதுக்கு? எடுத்துட்டா சவுண்டு இன்னும் சுத்தமா வருமாமே?" அந்த போர்டில் பூஜ்ஜிய வோல்ட் எங்கே இருக்கிறது என்று முதலில் அளக்கச் சொல்வேன். பதில் அதில்தான் இருக்கிறது.

ஒலி சிக்னல் மேலும் கீழும் ஆடுவது. பேட்டரியில் ஓடும் கருவியிலோ பூஜ்ஜியத்துக்குக் கீழே இடமே இல்லை. சுவரை ஒட்டி ஊஞ்சல் கட்டினால் ஒரு பக்கம் இடிக்கும்; கூடத்தின் நடுவில்தான் கட்டியாக வேண்டும். அதனால் ஆம்ப்ளிஃபையர் ஐசியின் அவுட்புட்டைப் பாதி வோல்டேஜில் நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு பென்டார்ச் செல் போட்டால் 3 வோல்ட். பாட்டு ஓடாதபோதும் அவுட்புட்டில் 1.5 வோல்ட் நிற்கும். அங்கே 32 ஓம் ஹெட்ஃபோனை நேராக மாட்டினால், சும்மா இருக்கும்போதே 47 மில்லிஆம்பியர் பாயும். உள்ளே இருக்கும் காயில் ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டு நிற்கும், சூடாகும், ஒலி சிதையும், செல்லும் சீக்கிரம் தீரும். இந்த வகை போர்டில் டிசியை மறிக்கும் கெப்பாசிட்டர் கட்டாயம்.

அதற்குக் கொடுக்கும் விலை பேஸ். கணக்கு எளிது: 1,59,000ஐ ஓம், மைக்ரோஃபாரட் இரண்டின் பெருக்கலால் வகுத்தால், எந்த ஹெர்ட்ஸில் ஒலியின் சக்தி பாதியாகிறது என்று வரும். 220 மைக்ரோஃபாரட், 32 ஓம் என்றால் சுமார் 23 ஹெர்ட்ஸ், குறையே தெரியாது. அதே பிளேயரில் 16 ஓம் இயர்ஃபோன் மாட்டினால் 45 ஹெர்ட்ஸ். இடம் மிச்சம் பிடிக்க 100 மைக்ரோஃபாரட் வைத்திருந்தால் 100 ஹெர்ட்ஸுக்கே போய்விடும். மிருதங்கத்தின் தொப்பி எழும்பாது. இயர்ஃபோன் மட்டம் என்று தூக்கிப் போடும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ரிப்பேருக்கு வருவதிலும் இதே கதைதான். ஒரு காதில் மட்டும் பேஸ் மெலிந்து, குரல் மட்டும் கீச்சென்று கேட்டால், ஐசியைச் சந்தேகிக்கும் முன் அந்தப் பக்கத்து எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டரை மாற்றிப் பார்ப்பேன். வயதானால் அது காய்ந்து மதிப்பு இறங்கிவிடும். மாற்றும்போது பிளஸ் கால் ஐசி பக்கம் இருக்க வேண்டும். 3 வோல்ட் கருவிக்கு 6.3 வோல்ட் ரகம் போதும். இடம் இருந்தால் 470 மைக்ரோஃபாரட் போடலாம். ஆன் செய்யும்போது வரும் 'டொப்' சத்தம் மட்டும் சற்றுக் கூடும்.

கெப்பாசிட்டரே இல்லாத பிளேயர்களும் உண்டு. அவற்றில் இரண்டு வகை. முதல் வகையில், ஹெட்ஃபோனின் பொதுக் கம்பியையும் ஐசியே பாதி வோல்டேஜில் நிறுத்துகிறது. இரு முனையிலும் ஒரே வோல்டேஜ் என்பதால் காயிலில் டிசி பாயாது. இரண்டாம் வகையில், மேக்ஸ்4410 போன்ற ஐசிகள் சார்ஜ் பம்ப் மூலம் மைனஸ் வோல்டேஜைத் தாமே உண்டாக்கிக்கொள்கின்றன. அவுட்புட் உண்மையான பூஜ்ஜியத்தில் நிற்கிறது. இங்கும் சிறிய கெப்பாசிட்டர்கள் தேவைதான். ஆனால் அவை ஒலி செல்லும் வழியில் இல்லை, பவர் பக்கம் போய்விட்டன.

உங்கள் பிளேயர் எந்த வகை என்று மல்டிமீட்டரே சொல்லிவிடும். பாட்டை நிறுத்துங்கள். ஜாக்கின் நுனிக்கும் பொதுக் கம்பிக்கும் இடையே 33 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்து டிசி மில்லிவோல்ட்டில் அளங்கள். ரெசிஸ்டர் இல்லாமல் அளந்தால் கெப்பாசிட்டரின் சிறு கசிவுகூடப் பெரிய எண்ணாகத் தெரிந்து பயமுறுத்தும். அடுத்த சேனலையும் அப்படியே பாருங்கள். 20 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நான் கவலைப்படுவதில்லை. 32 ஓமில் அது ஒரு மில்லிஆம்பியர்கூட இல்லை. பிறகு, பொதுக் கம்பிக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே அளங்கள். பாதி வோல்டேஜ் காட்டினால் அது முதல் வகை.

அந்த முதல் வகையில் ஒரு வம்பு உண்டு. காரில் சார்ஜ் போட்டபடியே ஆக்ஸ் கேபிளை மாட்டினால், பாதி வோல்டேஜில் நிற்கும் பொதுக் கம்பி கேபிள் வழியாகக் கார் கிரவுண்டோடு சேர்ந்து ஷார்ட் ஆகும். சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள், அல்லது டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஐசொலேட்டரை நடுவில் போடுங்கள். சொந்தமாகச் செய்பவர்கள் பிஏஎம்8403 போர்டிலும் கவனமாக இருக்க வேண்டும். அதில் ஸ்பீக்கரின் இரு கம்பியையும் ஐசியே ஓட்டுகிறது. இரண்டு மைனஸையும் சேர்த்து ஹெட்ஃபோன் ஜாக்கில் கொடுக்கவே கூடாது.

சுத்தமான ஒலிக்காகக் கெப்பாசிட்டரை எடுக்கும் ஆசைக்கு, வுல்ஃப்சன் சிப் வைத்த பழைய ஐபாட்கள் நல்ல உதாரணம். உள்ளே இருந்த கெப்பாசிட்டர்களைத் தாண்டி சிப்பிலிருந்து நேராக சிக்னல் எடுத்தவர்கள், கேபிளுக்குள் உயர்தரக் கெப்பாசிட்டரை வைத்தார்கள், அல்லது அடுத்த ஆம்ப்ளிஃபையரின் வாசலில் இருந்ததை நம்பினார்கள். டிசியை யாராவது மறித்தே ஆக வேண்டியிருந்தது. ஆம்ப்ளிஃபையரின் இன்புட் 10 கிலோ ஓம் என்றால் 2.2 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெப்பாசிட்டரே 7 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் என்பதுதான் இதில் கிடைக்கும் உண்மையான லாபம்.

ஆகவே, கெப்பாசிட்டரைக் கழற்றத் தோன்றினால், அந்த இடத்தில் டிசியை வேறு எது தடுக்கிறது என்று போர்டில் விரல் வைத்துக் காட்ட முடிகிறதா பாருங்கள். முடியாவிட்டால் அதை அப்படியே விட்டுவிடுங்கள். எந்த வேலை செய்தாலும், முதலில் மீட்டர், அடுத்து மலிவான இயர்ஃபோன், கடைசியில்தான் ஆசையாக வாங்கிய ஹெட்ஃபோன்.