புகை அடங்கினால் ஆபத்தும் அடங்கிவிடுமா?

புறவாசலிலும் மொட்டை மாடியிலும் கோழி சுடுவது நெல்லைப் பக்கம் விடுமுறை நாள் வழக்கமாகிவிட்டது. நல்லதுதான். ஆனால் எந்த அடுப்பு வாங்கலாம் என்று கேட்க வருகிறவர்கள் கூடவே சொல்லும் ஒரு பேச்சுதான் என்னைப் பதற வைக்கிறது: "கரி கனிஞ்சு புகை நின்னுட்டுன்னா வீட்டுக்குள்ள வச்சுக்கிடலாம் சார், ஒண்ணும் செய்யாது." ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் இதைச் சொல்லாத ஆளே இல்லை.

செய்யும். ஆளையே கொல்லும்.

வேதியியல் நடத்துகிறவன் சொல்கிறேன், கேளுங்கள். புகை கண்ணைக் கரிக்கும், இருமவைக்கும், நம்மை வெளியே விரட்டும். கார்பன் மோனாக்சைடு அப்படியல்ல. அதற்கு நிறமில்லை, மணமில்லை. அடுப்பின் அடியில் உண்டாகும் கார்பன் டை ஆக்சைடு, சிவந்த தணல் வழியாக மேலேறும்போது கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. நீங்கள் 'நல்லாக் கனிஞ்சிருக்கு' என்று மகிழும் கரியில்தான் இது நடக்கிறது. சாம்பல் பூத்தபின்னும் உள்ளே தணல் இருக்கும்வரை நிற்காது.

ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு இந்த வாயு பற்றிக்கொள்கிறது. முதலில் தலைவலி, குமட்டல், அசதி. சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள். கொரோனா காலத்தில் வாங்கிய, ஆக்சிஜன் அளவு காட்டும் விரல்நுனிக் கருவியை மாட்டிப் பார்த்தும் பயனில்லை. அதற்கு இந்த வாயுவையும் ஆக்சிஜனையும் பிரித்தறியத் தெரியாது. ஆபத்தான நிலையிலும் நல்ல எண்ணையே காட்டும்.

"ஜன்னல் திறந்துதானே இருக்கு?" போதாது. ஏறக்குறைய காற்றின் எடையே உள்ள வாயு இது. அறை முழுக்கக் கலந்து நிற்கும். மின்விசிறி அதைக் கலக்கிவிடுமே தவிர வெளியேற்றாது. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலுக்குச் சுற்றுலா போன இளைஞர்கள் கோழி சுட்ட கரியடுப்பை அணைக்காமல் விடுதிக்குள் வைத்துவிட்டுத் தூங்கினார்கள். இருவர் எழவேயில்லை. இதற்குப் பிறகும் 'ஒண்ணும் செய்யாது' என்று சொல்ல எப்படி வாய் வருகிறது? அமெரிக்காவில் கரிப் பைகளில் வீட்டுக்குள் எரிக்கக் கூடாது என்ற எச்சரிக்கையை அச்சிட்டே ஆக வேண்டும். இங்கே விற்கும் பைகளிலும் அதைத் தமிழில், பெரிய எழுத்தில் போட வேண்டும். மழை வந்தால் சமையலை நிறுத்துங்கள். அடுப்பை உள்ளே கொண்டுபோகாதீர்கள்.

கரியடுப்பைப் பற்றி உலவும் மற்றப் பேச்சுகளையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஒவ்வொன்றிலும் முதல் வரி ஊரார் பேச்சு, அடுத்து வருவது என் பதில்.

சீமைக்கருவேலங்கரி விஷம். இல்லை. டெக்சாஸ்காரர்கள் இறைச்சி சுடத் தேடி வாங்கும் மெஸ்கீட் விறகும் இதே புரோசோபிஸ் இனத்து மரம்தான். ராமநாதபுரம், தூத்துக்குடிச் சீமையின் கரியைத் தாராளமாக வாங்குங்கள். நன்கு வெந்த, உலர்ந்த கரியா என்று மட்டும் பாருங்கள்.

கரி பற்றவைக்க ஊற்றும் மண்ணெண்ணெயின் வாடை எரிந்து போய்விடும். கறியில் ஏறிய வாடை போகாது. சிரட்டையும் தேங்காய் நாரும் இருக்கும் ஊரில் மண்ணெண்ணெய் எதற்கு?

பழைய டிரம்மை வெட்டினால் அடுப்பு தயார். பெயிண்ட், ரசாயனம் அடைத்த டிரம் சமையலுக்கு ஆகாது. துத்தநாகம் பூசிய தகடும் வேண்டாம். அதிகச் சூட்டில் எழும் ஆவி காய்ச்சலைக் கொடுக்கும் என்பது வெல்டிங் பட்டறைக்காரர்களுக்குத் தெரியும்.

நல்ல ருசிக்கு ஸ்மோக்கர் வேண்டும். பெரிய, முரட்டு இறைச்சித் துண்டை 110 டிகிரி அளவில் மணிக்கணக்காக வேகவைக்கும் கருவி அது. நாம் சுடுவது தொடைக்கறியும் தூத்துக்குடி மீனும். நிமிடங்களில் வேகும் பண்டத்துக்கு அவ்வளவு செலவு வீண்.

கரிந்தால்தான் ருசி. கரிந்த பகுதியிலும், தணலில் கொழுப்பு சொட்டி எழும் புகையிலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருட்கள் உள்ளன. தணலை ஒரு பக்கம் ஒதுக்கி, கறியை மறுபக்கம் வையுங்கள்.

அப்படியானால் எதை வாங்குவது? அடியில் காற்று வரத் துளை, கனமான இரும்புக் கம்பித் தட்டு, ஆடாத கால்கள்: இவை இருந்தால் எந்த அடுப்பும் போதும். என்னைக் கேட்டால், சேரன்மகாதேவியைத் தாண்டி காருக்குறிச்சிக்குப் போங்கள். அங்கே மண்ணடுப்பு வாங்கி, மேலே ஒரு கம்பி வலை போடுங்கள். மண் சூட்டைப் பிடித்து வைக்கும். கரியும் குறைவாகவே செலவாகும். பொங்கல் பானைக்கு மட்டும் அந்தக் குயவர்களைத் தேடுவது போதாது. ஆண்டு முழுதும் வேலை இருந்தால்தான் அவர்கள் பிள்ளைகள் சக்கரத்தில் உட்காருவார்கள். குளத்து மண் எடுக்க அவர்களுக்குத் தடையின்றி அனுமதி கிடைக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் கொடுத்து வெளிநாட்டு அடுப்பு வாங்கும் நாம், அந்தக் கோரிக்கைக்குக் குரல் கொடுக்கவும் கடமைப்பட்டிருக்கிறோம்.