மீட்டர் சொல்லும் கணக்கு

கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து விருத்தாசலத்திற்கு வந்து வணிகவியல் பயிலும் மாணவன் நான். எங்கள் பகுதியில் பீங்கான் பொம்மைகளை ஏற்றிச் செல்லும் சிறு வேன் முதல் மாணவர்களின் மோட்டார் சைக்கிள் வரை பல வண்டிகள், பிறர் ஓட்டிய பின் நம்மவர் கைக்கு வருபவையே. வாங்குபவர் முதலில் குனிந்து பார்ப்பது மீட்டரில் உள்ள கிலோமீட்டர் எண்ணைத்தான். அந்த எண்ணுக்குச் சட்டம் தரும் காவல் என்ன என்பதை இங்குக் காண்போம்.

எண்ணின் மதிப்பு

நாளொன்றுக்கு 100 கி.மீ. வீதம், ஆண்டில் 300 நாட்கள் ஓடும் வாடகை வேன், 5 ஆண்டுகளில் 1,50,000 கி.மீ. ஓடியிருக்கும். மீட்டரில் 60,000 என்றிருந்தால் நாளுக்கு 40 கி.மீ. மட்டுமே ஓடியதாகப் பொருள். அந்த நம்பிக்கையில் கூடுதல் விலை கொடுப்பவர், தேய்ந்த எஞ்சினுக்குப் புதிதின் விலை கொடுத்தவராகிறார். பழைய மீட்டர்களில் பற்சக்கரங்கள் எண்களைச் சுழற்றின. இன்று மின்னணு நினைவகத்தில் எண் பதிகிறது. இரண்டையுமே குறைத்துக் காட்ட வழியுண்டு.

சட்டம் கேட்பது

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவுப்படி, மாநிலத்திற்குள் விற்றவர் 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாட்கள் அவகாசம். இதற்கான 29, 30ஆம் எண் படிவங்களில் பதிவு எண், சேசிஸ் எண் போன்றவை உண்டு; ஓடிய தூரத்திற்கு இடமே இல்லை! அமெரிக்காவிலோ 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே, கைமாறும்போது அந்த எண்ணை எழுதித் தருவது கடமையாயிற்று. நம் நாட்டில் 2023 ஏப்ரல் முதல், அங்கீகாரம் பெற்ற பழைய வண்டி வணிகர்கள் தம்மிடமுள்ள வண்டி செல்லும் பயணங்களின் தூரத்தைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்ற விதி வந்துள்ளது. எனினும், தனியார் இருவருக்கிடையே நடக்கும் விற்பனையை இவ்விதி தொடுவதில்லை.

கேட்டால் உண்டு காவல்

இங்குதான் நாம் வகுப்பில் பயிலும் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் துணைக்கு வருகிறது. அதன் 17ஆம் பிரிவு விளக்கப்படி, பேசும் கடமை இல்லாதவரின் வெறும் மௌனம் பொதுவாக மோசடி ஆகாது. ஆனால் பொய் என்று அறிந்தே ஏமாற்றும் எண்ணத்துடன் சொன்னால் அது மோசடி. 19ஆம் பிரிவுப்படி, அதை நம்பி வாங்கியவர் ஒப்பந்தத்தை நீக்கலாம். ஆகவே கேட்காதவருக்குக் காவல் குறைவு. கேட்டு எழுதி வாங்கியவருக்கே அது மிகுதி.

விற்பனை ஒப்பந்தத்தில் அன்றைய மீட்டர் எண்ணையும், அது உண்மை என்னும் உறுதிமொழியையும் எழுதி இருவரும் கையொப்பமிட வேண்டும். சர்வீஸ் ரசீதுகளில் உள்ள எண்களைத் தேதி வாரியாக ஒப்பிட வேண்டும். பின்னைய ரசீதில் எண் குறைந்திருந்தால் சூது வெளிப்பட்டுவிடும். பெடல் ரப்பரின் தேய்மானமும் ஒரு சாட்சியே.

விற்பவரும் பெயர் மாற்றத்தை முடிக்காமல் விடலாகாது. பதிவேட்டில் பெயருள்ளவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என 2018இல் உச்ச நீதிமன்றம் நவீன்குமார் வழக்கில் தீர்ப்பளித்துள்ளது.

படிவத்தில் ஒரே ஒரு கட்டம் கூட்டினால் ஏழை ஓட்டுநர் பலரின் சேமிப்பு காக்கப்படும். அது வரும்வரை, நம் வீட்டார் வண்டி வாங்கும்போது அந்த ஒரு வரியை எழுதித் தருவது மாணவர்களாகிய நம் கடமையாகும்.